எழுந்து நடக்க எத்தனை விநாடி?

கம்பம், சின்னமனூர், போடி முதலிய ஊர்களிலிருந்து இயன்முறை சிகிச்சைக்கு வரும் முதியோரிடம், "எப்படி நடக்கிறீர்கள்?" என்று கேட்டால், "நன்றாகத்தான் நடக்கிறேன்" என்பார்கள். ஏலத்தோட்டத்திலும் திராட்சைப் பந்தலிலும் உழைத்த உடல் தளர்வதை அவர்கள் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. உடன் வந்த மகளோ, "சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார்" என்பார். இருவர் சொல்லையும் கேட்டுக்கொண்டு, நாங்கள் அளந்தும் பார்க்கிறோம்.

அளக்கும் முறை எளியது. கைப்பிடியுள்ள நாற்காலியில் அமர்ந்திருப்பவர் எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து மீண்டும் அமர வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தைக் குறித்துக்கொள்கிறோம். 1991ஆம் ஆண்டு வெளியான இச்சோதனை இன்று உலகெங்கும் பயன்படுகிறது. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், கீழே விழும் வாய்ப்பு கூடுதல் என்று கருதி மேலும் ஆராய்கிறோம். தேவைப்படும்போது, நிற்கும் சமநிலை, 4 மீட்டர் நடை, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுதல் ஆகிய மூன்றையும் சேர்த்து 12 மதிப்பெண்ணுக்கு அளக்கும் சோதனையையும் செய்கிறோம்.

ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக அளந்தால்தான் இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. சென்ற மாதம் உயரமான நாற்காலி, இம்மாதம் தாழ்வான நாற்காலி என்றால், நோயாளி தளர்ந்துவிட்டதாகத் தவறாக எண்ண நேரும். அன்று வெறுங்கால், இன்று செருப்பு என்றாலும் கணக்குப் பிழைபடும். எனவே நாற்காலி, தூரம், காலணி, கைத்தடி ஆகியவற்றை மாற்றாமல் வைத்துக்கொள்கிறோம். மாற்ற நேர்ந்தால் எழுதி வைக்கிறோம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணிகளுள் வீட்டிலேயே அளிக்கப்படும் இயன்முறை சிகிச்சையும் ஒன்று. வீட்டுக்கு வருபவரிடம் எங்கள் குறிப்பைக் காட்டுங்கள். அவரும் அதே முறையில் அளந்தால், முன்னேற்றமும் பின்னடைவும் உடனே தெரியவரும்.

வீட்டாரிடம் நாங்கள் வேண்டுவன சில:

• அன்றாடம் அணியும் செருப்பையும் கண்ணாடியையும், பயன்படுத்தும் கைத்தடியையும் கொண்டு வாருங்கள்.

• சோதனையின்போது கைகொடுத்துத் தூக்காதீர்கள். விழாமல் காக்க நாங்கள் அருகிலேயே நிற்போம். அன்பினால் நீட்டும் கை, உண்மையான தளர்ச்சியை மறைத்துவிடும்.

• அண்மையில் விழுந்திருந்தாலோ, தலைசுற்றல், நெஞ்சுவலி இருந்தாலோ முன்னதாகவே தெரிவியுங்கள்.

• நாங்கள் சொல்லாமல் இச்சோதனையை வீட்டில் தனியே செய்து பார்க்க வேண்டாம்.

விநாடி கூடியதென்று முதியவர் மனம் தளர வேண்டியதில்லை. எந்தப் பயிற்சி தேவை, குளியலறையில் எங்கே கைப்பிடி பொருத்துவது, வெளியே செல்ல யார் துணை என்பவற்றை முடிவு செய்யவே அந்த எண் உதவுகிறது. விழுந்து எலும்பு முறிந்தபின் வருந்துவதைக் காட்டிலும், விழுமுன் அறிந்துகொள்வது நன்று.