பாரதாங் குகையும் வழித்துணை அறிவுரையும்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் தவறாது காட்டும் காட்சிகளுள் பாரதாங் சுண்ணாம்புக் குகையும் ஒன்று. ஜிர்காடாங்கில் வண்டிகள் கான்வாயாகப் புறப்படும். மிடில் ஸ்ட்ரெயிட்டைக் கடந்து, அலையாத்திக் காட்டு ஓடையில் படகேறி, நயாடேராவில் இறங்கி நடக்க வேண்டும். மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாய் இறங்கியதால், குகைக் கூரையில் ஆலம் விழுதுகள்போல் கற்கள் தொங்குகின்றன.

“ஆதி மனிதரின் எலும்பு எங்கே?” எனச் சிறுவர் வினவுவதுண்டு. சரவாக்கின் நியா குகையில் 1958இல் கிடைத்த மண்டையோடு ஏறத்தாழ 40,000 ஆண்டுப் பழமை உடையது. பாரதாங் குகையின் சிறப்போ கல்லில்தான். இத்தீவுகளின் தொன்மையைக் கூறுவன, சௌல்தாரி போன்ற இடங்களில் பண்டை மக்கள் உண்டு எறிந்த சிப்பிமேடுகள். சௌல்தாரி மேடு 2,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்டது.

குகைக்குச் செல்லும் அவ்வழி ஜாரவா மக்களின் காட்டை ஊடுருவிச் செல்கிறது. அவர்கள் பண்டைக் காலத்தின் எச்சங்கள் அல்லர், நம் காலத்து மனிதர், அக்காட்டுக்கு உரியவர். 1956ஆம் ஆண்டு ஒழுங்குவிதி அவர்களைக் காக்கிறது. அங்கே வண்டியை நிறுத்துவதும், படம் எடுப்பதும், தின்பண்டம் நீட்டுவதும் குற்றம்.

வந்தாரை வரவேற்பது நம் மரபு. அங்கு வந்தவர்கள் நாமே. ஆதலின் விருந்தினருக்கும் சிறுவருக்கும் இதனைப் புறப்படுமுன்னரே எடுத்துரைப்போமாக!