எங்க அப்பாயியின் சிவப்பு ஐ.சி.



சம்பளம், சேமநிதி, வீட்டுப் பிரச்சினை என்றே இந்தப் பகுதியில் எழுதி வருகிறேன். இந்த வாரம் எங்க அப்பாயியைப் பற்றி எழுதப் போகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கிழவி இருந்திருப்பார் என்பதால் பொறுத்துக்கொள்வீர்கள்.

2022இல் அப்பாயி காலமானபோது வயது 93. கிள்ளானுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. "ரப்பர் வெல படுத்துப்போயி சனத்தை ஊருக்குத் திருப்பி அனுப்பினாங்களே, அதுக்கு மொத வருசம்" என்பார். அது நடந்தது 1930இல். ஆகவே 1929 என்று நாங்களே கணக்குப் போட்டுக்கொண்டோம்.

அவருடைய தகப்பனார் சேலம் ஜில்லாவிலிருந்து கங்காணியோடு கப்பலேறி வந்தவர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலை நிறுத்தத்தைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அப்போது தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற விதியை எடுக்க வேண்டும் என்பது. "எங்கப்பாருகிட்ட சைக்கிளே இல்ல. ஆனா அதுக்காக வேலைக்குப் போவாம நின்னாரு" என்று அப்பாயி சொல்லிச் சிரிப்பார்.

அந்த மனிதரை 1943இல் ஜப்பான்காரன் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனான். ரயில் பாதை அந்த வருடம் அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அவர் திரும்பவில்லை. செய்தியும் வரவில்லை. யுத்தம் முடிந்த பிறகும் அப்பாயியின் தாயார் தினம் ஒரு துண்டு மரவள்ளிக் கிழங்கைத் தனியாக எடுத்து மூடி வைத்தாராம். ராத்திரி அதைப் பிள்ளைகள் தின்பார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் அப்பாயி சிரிக்க மாட்டார்.

யுத்தத்துக்குப் பிறகு மரம் வெட்டத் தொடங்கினார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் செம்பனைதான் தெரியும், ஆகையால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். விடியக்காலை 4 மணிக்கு எழ வேண்டும். அடுப்பு மூட்டி, கோப்பி வைத்து, சோறு கட்டி, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டு ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் பெரட்டுக்கு நிற்க வேண்டும். நிரையில் முந்நூறு, நானூறு மரம் இருக்கும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதற்குள் அத்தனையையும் வெட்டியாக வேண்டும். கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். உள்மரத்தைத் தொட்டால் காயம், அந்த இடத்தில் பட்டை முண்டு முண்டாக வளரும். மண்டோர் வந்து காயத்தை எண்ணுவார். வெட்டி முடித்ததும் மறுபடி முதல் மரத்திலிருந்து மங்கு மங்காகப் பாலை ஊற்றி, ஒட்டுப்பாலையும் உரித்து எடுத்து, காண்டாவில் இரண்டு வாளியைத் தொங்கவிட்டு ஸ்டோருக்கு நடக்க வேண்டும். அப்பாயியின் வலது தோளில் காண்டா அழுத்திய இடம் மாட்டுத் திமில்போல் தடித்திருக்கும். சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்ப்பது எனக்கு விளையாட்டு.

ஸ்டோரில்தான் அடுத்த பாடு. பாலில் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்த்துக் கிராணி எழுதிக்கொள்வார். அப்பாயிக்கு எழுத்து தெரியாது. ஆனால் தோளுக்குக் கனம் தெரியுமே! தினம் எத்தனை ராத்தல் என்று ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு வைப்பார். ஒரு மாதம் கயிறும் செக்ரோலும் ஒத்துவரவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டார். பெரிய கிராணி வந்து, "என்னாம்மா, கயித்த வச்சிக்கிட்டு என்னா கணக்கு?" என்று கேட்க, "ஒங்க பேனா பொய் சொல்லும், எங் கயிறு சொல்லாதுங்க ஐயா" என்றாராம். அரைநாள் கழித்துக் கணக்கைத் திருத்திக் கொடுத்தார்கள். சங்க வேலையை நான் எங்கே கற்றேன் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வது வழக்கம்.

மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. வேலை இல்லை, கூலியும் இல்லை. 2013இல் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி என்று வந்தது, 2025இல் 1,700 ஆனது. போதாது என்று நாம் பேசுகிறோம், சரிதான். ஆனால் கார்த்திகை, மார்கழி அடைமழையில் லயத்துத் திண்ணையில் உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்த தலைமுறை ஒன்று நமக்கு முன்னால் இருந்தது.

இனி அந்த ஐ.சி. விஷயம். மெர்டேக்காவுக்கு முன் இங்கே பிறந்தவர்களில் பலர் மனுப் போட்டுத்தான் பிரஜையாக வேண்டியிருந்தது. 1957க்குப் பிறகு பாரத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஆட்கள் வந்தார்கள். எங்கள் தாத்தா, "இங்கதானே பொறந்தோம், எவன் நம்மள என்னா கேக்கப் போறான்?" என்று இருந்துவிட்டார். 1958இல் பிறந்த என் அப்பாவுக்கு நீல ஐ.சி. பெற்றவளுக்குச் சிவப்பு.

கேட்கும் காலம் வந்தது. 1969இல் பிரஜை அல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்றார்கள். நூறு மைல் நடந்தவனுக்குச் செருப்பு எங்கே என்று கேட்ட கதைதான். அப்பாயி எப்படியோ பெர்மிட் எடுத்துவிட்டார். கைக்குழந்தையாக ஊரிலிருந்து வந்த அவருடைய அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. 1970இல் அவர் குடும்பத்தோடு பினாங்கில் கப்பலேறினார், தாம் பார்த்தே அறியாத சொந்த ஊருக்கு. இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை.

1984இல் அப்பாயி மரம் வெட்டுவதை நிறுத்தினார். மரங்களை அழித்துச் செம்பனை போட்ட பிறகும் உதிரிப்பழம் பொறுக்கப் போனார். 2012இல் பிரிம் பணம் என்று வந்தபோது அது பிரஜைகளுக்குத்தான். தேர்தல் நாளில் எங்களோடு நல்ல சேலை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம்வரை வருவார். நாங்கள் ஓட்டுப் போட்டுவிட்டு வரும்வரை வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். 2018இலும் அப்படித்தான். என் விரல் மையைப் பிடித்துப் பார்த்து, "கழுவினா போவாதாய்யா?" என்றார்.

இதில் என் குற்றமும் உண்டு, மறைக்கப் போவதில்லை. 2009இல் ஒருமுறை மனுப் போட்டு அழைத்துப் போனேன். சீனன் கடையில் அறுபது வருடம் மலாய் பேசிச் சாமான் வாங்கியவர், அதிகாரி கேள்வி கேட்டதும் வாயடைத்துப் போனார். மனு நிராகரிக்கப்பட்டது, காரணம் சொல்லவில்லை. அடுத்த வருடம் மறுபடி போடலாம் என்றேன். அடுத்த வருடம் ஒரு தோட்டத்தில் வீடு காலி செய்யும் நோட்டீஸ், அதற்கடுத்த வருடம் வேறொரு தகராறு. ஊர் வழக்கையெல்லாம் கட்டித் தூக்கிக்கொண்டு அலைந்தேன். எங்க வீட்டுக் கோப்பு அலமாரிமேல் கிடந்தது. அப்பாயி கேட்கவே இல்லை. ஒரு தடவை மட்டும், "1954ல சங்கம் ஒண்ணா சேர்ந்தப்ப எனக்கும் ஒரு நம்பர் குடுத்தாங்க, அது போதும்யா" என்றார். அதை நான் சௌகரியமாக எடுத்துக்கொண்டேன்.

இன்றும் சிவப்பு ஐ.சி.யோடு பெரியவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இருந்தால், பழைய சம்பளச் சீட்டு, சேமநிதிக் கடிதம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள்.

இறப்பைப் பதியப் போனபோது அவருடைய ஐ.சி.யை ஒப்படைக்கச் சொன்னார்கள். கவுண்டரில் இருந்த பெண் அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "பாட்டி எந்த நாட்டுக்காரங்க?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள். தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அங்கே இப்போது வரிசை வரிசையாக அடுக்கு வீடுகள். அவளுக்கு அப்படி ஒரு தோட்டம் இருந்ததே தெரியவில்லை.