ஐந்து எழுத்து, பத்துக் கேள்விக்குறி

தமிழ்மொழிக் கழக நற்சான்றிதழ்களுக்காக மாணவர்களின் பெயர்களையும் ஊரையும் கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். மறுநாள் கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை. 'கோலா தெர்லா' இருந்த கட்டத்தில் '???? ??????' என்று இருந்தது. அருகிலிருந்த படிவம் நான்கு மாணவி எண்ணிப் பார்த்தாள். "டீச்சர், ஊர்ப் பெயரில் ஐந்து எழுத்துதானே? கேள்விக்குறி பத்து இருக்கே?"

நல்ல கேள்வி. கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தருவது யூனிகோட். அதில் 'க' என்பது 2965. 'கோ' என்ற எழுத்துக்குத் தனி எண் இல்லை. 'க'வும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு எண்கள். 'ர்' என்பது 'ர'வும் புள்ளியும். 'தெ'யில் கொம்பு முன்னால் தெரிந்தாலும் கணினிக்குள் 'த' முதலில், கொம்பு பிறகு. ஆக, நம் ஐந்து எழுத்துகள் உள்ளே பத்து எண்கள்.

அவை ஏன் கேள்விக்குறியாயின? தவறு என்னுடையதுதான். கோப்பைப் பழைய வகைக் குறியீட்டில் சேமித்துவிட்டேன். அந்த அட்டவணையில் 256 இடங்களே உண்டு. ஆங்கில எழுத்துகளும், பிரெஞ்சுக்காரர்கள் தலைமேல் கோடு போட்டு எழுதும் எழுத்துகளும் அதில் அடங்கும். தமிழுக்கு இடமில்லை. இடமில்லாத ஒவ்வோர் எண்ணையும் கணினி அழித்துவிட்டு, கேள்விக்குறியின் எண்ணான 63ஐ எழுதிவிட்டது. இனி எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

வேறு இரு கோளாறுகள் இவ்வளவு மோசமல்ல. வெறும் கட்டங்கள் தெரிந்தால் எண்கள் பத்திரமாக உள்ளன, எழுத்துருதான் இல்லை. சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்' என்று மாறி மாறி வந்தாலும் பயப்பட வேண்டாம். அதற்குக் காரணம் யூடிஎஃப்-8. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் ஓர் உணவகத்தில், மேசையிலிருந்த காகித விரிப்பில் திட்டமிட்ட முறை இது. இதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு, தமிழ்க் குறிக்கு மூன்று. 'க'வின் மூன்று பைட்டுகளையும் பழைய அட்டவணைப்படி தனித்தனியாகப் படித்தால் அந்த 'ஏ', அந்த 'ஆர்', பிறகு ஒரு கரும்புள்ளி! யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் தமிழ் திரும்பிவிடும்.

ஒரு காலத்தில் இந்தக் குழப்பமே அன்றாட வாழ்க்கையாக இருந்தது. நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சலை உருவாக்கினார். பிறகு பலரும் ஆளுக்கொரு எழுத்துருவும் எண்முறையும் செய்தார்கள். ஒருவர் அனுப்பிய மடலைப் படிக்க அவருடைய எழுத்துருவே வேண்டும். 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தும், 1999 சென்னை மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு 'தாம்', 'தாப்' என்ற வேறு இரண்டு முறைகளைத் தரப்படுத்தியது. கணினிகள் யூனிகோடுக்குத் தயாராக அவ்வளவு காலம் பிடித்தது.

குறுஞ்செய்தியில் இன்றும் வேறுபாடு உண்டு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 குறிகள். ஒரே ஒரு தமிழ் எழுத்து சேர்த்தாலும் அது 70 ஆகிவிடும்.

பெயர்களை நாங்கள் மாணவர்கள் கையால் எழுதித் தந்த தாளைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தோம். அந்த மாணவி வாசித்தாள், நான் தட்டினேன். இம்முறை யூடிஎஃப்-8இல் சேமித்து, மூடி, மீண்டும் திறந்து பார்த்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினோம்.