ஹோவர்போர்டு பழகப் போறீங்களா? முதல்ல இறங்கக் கத்துக்கோங்க

போன வருஷம் துபாயிலிருந்து லீவுக்கு வந்த என் அக்கா, பையனுக்கு ஒரு ஹோவர்போர்டு வாங்கி வந்திருந்தாங்க. கைப்பிடி கிடையாது, இரண்டு ஓரத்திலும் சக்கரம் வைத்த பலகை, அவ்வளவுதான். "தானாவே பேலன்ஸ் பண்ணிக்கும், விழாதுடா" என்று அவனுக்குப் பெரிய பாடம் எடுத்துவிட்டு முதலில் ஏறியது நான்தான். இறங்கும்போது விழுந்து வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல். நாலு வாரம் மாவுக்கட்டு.

"விழாதுன்னு சொன்னீங்களே மாமா?" என்று அவன் கேட்டான். ஒற்றைக் கையால் டைப் அடித்துக்கொண்டிருந்த அந்த நாலு வாரத்தில் இதற்குப் பதில் தேடினேன். அதுதான் இந்தக் குறிப்பு.

பலகை என்ன செய்கிறது?

சின்ன வயசில் ஒட்டடைக் கொம்பை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்தி விளையாடியிருப்போம். கொம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் அது நிற்கும். ஹோவர்போர்டும் அதே விளையாட்டுதான். இங்கே நாம்தான் கொம்பு, பலகைதான் கை.

பலகையின் இரண்டு பாதியிலும் தனித்தனியாக ஜைரோஸ்கோப் உண்டு, சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் உண்டு. உங்கள் பாதம் முன்னால் சாய்ந்தால் சக்கரம் முன்னால் ஓடி உங்கள் எடைக்குக் கீழே வந்து நிற்கும். பின்னால் சாய்ந்தால் பின்னால் ஓடும். ஒரு பாதத்தை மட்டும் சாய்த்தால் திரும்பும்.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. மோட்டாரிடம் மிச்ச சக்தி இருக்கும் வரைதான் அது உங்களைத் துரத்திப் பிடிக்க முடியும். ஏற்கெனவே உச்ச வேகத்தில் சுழலும் சக்கரத்தால், நீங்கள் இன்னும் கொஞ்சம் சாய்ந்தால் இன்னும் வேகமாக ஓட முடியாது. பேட்டரி இறங்கியிருந்தாலும் இதே கதைதான். 2001-ல் அறிமுகமான செக்வே வண்டியில் இந்தப் பிரச்சினை வந்தது. சார்ஜ் குறைந்த நேரத்தில் ஓட்டியவர்கள் விழுந்ததால், 2003-ல் சுமார் 6,000 வண்டிகளைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றினார்கள். ஆகவே பலகை பீப் அடித்தால் உடனே வேகத்தைக் குறைத்து இறங்கிவிடுங்கள். "இன்னும் ஒரு ரவுண்டு" வேண்டாம்.

நான் ஏன் விழுந்தேன்?

நான் முன்பக்கமாக இறங்கினேன். ஒரு காலை முன்னால் எடுத்து வைக்கும்போது, பலகையில் இருக்கும் மற்ற கால் விரல் நுனியால் அழுத்தும். பலகைக்கு அது "முன்னால் போ" என்ற கட்டளை. அது பாய்ந்தது, நான் பின்னால் சரிந்து கையை ஊன்றினேன்.

பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். ஒரு பாதத்தை இழுக்காமல் முழுசாக மேலே தூக்கிப் பின்னால் வையுங்கள். பாதம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தாலும், ஆள் இன்னும் நிற்கிறார் என்றே சென்சார் நினைக்கும்.

பழகும் வரிசை

முதல் நாள் சுவரையோ ஒருவர் தோளையோ பிடித்துக்கொண்டு ஏறுவது, இறங்குவது மட்டும். இருபது முப்பது தடவை செய்யுங்கள். பாதங்கள் சக்கரத்துக்குப் பக்கமாக அகலமாக இருக்கட்டும். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும், பார்வை நேராக இருக்கட்டும்.

புதுசாக ஏறியவர்களுக்குப் பலகை கடகடவென்று ஆடும். அது பழுது இல்லை. நீங்களும் பேலன்ஸ் செய்கிறீர்கள், அதுவும் செய்கிறது. ஒருவர் திருத்தியதை இன்னொருவர் மறுபடி திருத்துவதால் வரும் நடுக்கம் அது. கணுக்காலைத் தளர விட்டால் அடங்கிவிடும்.

வேகத்துக்கு ஒரு எளிய அளவுகோல்: பலகை திடீரென்று நின்றால் நீங்கள் ஓடிச் சமாளிக்கக்கூடிய வேகம்தான் உங்கள் எல்லை. மணிக்கு 10 கி.மீ. என்பது நொடிக்கு 2.8 மீட்டர். பெரியவர்களுக்கு மெதுவோட்டம், சின்னப் பையனுக்கு அது நல்ல ஓட்டம். ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் கட்டாயம். விழும்போது கை தானாக ஊன்றும், மூளையைக் கேட்காது.

சாத்தாங்காடு ரோட்டில் ஓட்டலாமா?

கூடாது. இரும்பு மார்க்கெட்டுக்கு வரும் ட்ரெய்லர்களை விட்டுவிடுங்கள், வெறும் ஜல்லியைப் பார்ப்போம். ஹோவர்போர்டு சக்கரம் பெரும்பாலும் 6.5 அங்குலம். 2 செ.மீ. உயரக் கல்லை மெதுவாக ஏறித் தாண்ட, அந்தச் சக்கரம் சுமக்கும் எடையில் சுமார் 86 சதவீதம் அளவுக்குத் தள்ளுவிசை வேண்டும். 26 அங்குல சைக்கிள் சக்கரத்துக்கு 36 சதவீதம் போதும். சைக்கிளுக்கு ஒரு குலுக்கல், பலகைக்கு அது சுவர். இங்கே கீழே விழுந்தால் பின்னால் வருவது இரும்புச் சுருள் ஏற்றிய வண்டி. வண்டிக்கு முன்னால் ஒட்டினாற்போல் கிடக்கும் பையன் ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியவே மாட்டான்.

மொட்டை மாடியும் வேண்டாம், கைப்பிடிச் சுவர் இடுப்புயரம்தான்.

கடைசியாக, சார்ஜ். பேட்டரி தீப்பிடித்த புகார்களால் 2016 ஜூலையில் அமெரிக்காவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹோவர்போர்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். யூஎல் 2272 தரச் சான்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள், வாசலை அடைத்தும் வைக்காதீர்கள்.

எங்கள் பையன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிகள் இல்லாத கார் பார்க்கிங்கில் ஓட்டினான். முதல் வாரம் முழுக்க ஏறி இறங்கினான், அவ்வளவுதான். "போரடிக்குது மாமா" என்றான். என் மாவுக்கட்டைக் காட்டினேன். மறுபேச்சு இல்லை.