பஞ்சுப் பனியும் மார்கழிப் பனியும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கத்தோலிக்க ஊர்களில் டிசம்பர் பாதியை நெருங்கும்போது குடில் வேலை தொடங்கிவிடுகிறது. குடில் என்பது இயேசு பிறந்த மாட்டுத் தொழுவத்தின் சிறு வடிவம். மூங்கில் சட்டம் கட்டி, வைக்கோல் வேய்ந்து, கசக்கிய சிமெண்டுத் தாளால் மலை எழுப்பி, உடைந்த கண்ணாடித் துண்டை மணலில் பதித்துக் குளமாக்கி, பத்து நாளுக்கு முன்பே தட்டில் விதைத்து வைத்த கேழ்வரகு முளையைப் புல்தரையாகப் பரப்பிவைப்பார்கள். எல்லாம் முடிந்தபின், மருந்துக் கடையில் வாங்கிய பஞ்சுச் சுருளைப் பிய்த்துக் கூரைமேல் தூவுவது கடைசி வேலை. அந்தப் பஞ்சுதான் பனி. அதைத் தூவும் கைகளில் மிகப் பெரும்பாலானவை வெண்பனியைத் தொட்டறியாதவை. ஆனால் குடில் வீட்டு வாசலிலோ கோயில் முற்றத்திலோ இருந்தால், விடிவதற்குள் உண்மையான பனி இறங்கி, அந்தப் பஞ்சு நனைந்து கனத்து வைக்கோலோடு ஒட்டிக்கொள்கிறது. மறுநாள் புதுப் பஞ்சு தூவ வேண்டியிருக்கிறது.

இரவல் பனியும் சொந்தப் பனியும் ஒரே கூரையில் சந்திப்பதற்குத் தமிழில் சொல் அளவிலேயே இடம் இருக்கிறது. பிற மொழிகள் பல வெவ்வேறு சொற்களால் குறிக்கும் பொருள்களைத் தமிழ் 'பனி' என்ற ஒரே வேரில் அடக்கியிருக்கிறது: புல்நுனியில் நிற்பது பனித்துளி, வழியை மறைப்பது மூடுபனி, உதகமண்டலத்துப் புல்வெளியில் விடியற்காலையில் உப்புப் படிந்ததுபோல் வெளுத்துக் கிடப்பது உறைபனி, இமயத்தில் பஞ்சுபோல் விழுவது வெண்பனி. பழந்தமிழில் 'பனித்தல்' என்ற வினைக்கு நடுங்குதல் என்றும் பொருள் உண்டு. கண் பனித்தது என்றால் நீர் கசிந்தது என்று இன்றும் பொருள் கொள்கிறோம். ஆகவே பனி பொழியும் கிறிஸ்துமஸ் என்ற தொடர் தமிழுக்கு வந்தபோது அதற்குப் புதுச்சொல் தேட வேண்டிய தேவை எழவில்லை. கேட்டவர் தமக்குத் தெரிந்த பனியையே அதில் பொருத்திக்கொண்டார்.

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கும் மரபில் மார்கழியும் தையும் முன்பனிக் காலம். டிசம்பர் 25 மார்கழியின் முதல் பத்து நாளை ஒட்டி வருகிறது. தொல்காப்பியம் மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாகவும், யாமம் என்னும் நள்ளிரவைச் சிறுபொழுதாகவும் வகுக்கிறது. குறிஞ்சி நிலத்து ஊர்களுக்குக் குறிச்சி என்று பெயர் வழங்குவதையும், கள்ளக்குறிச்சி தன் பெயரிலேயே அந்தச் சொல்லைத் தாங்கி நிற்பதையும் இதோடு சேர்த்துப் பார்த்தால், முன்பனியின் நள்ளிரவில் மணியடித்துத் தொடங்கும் பிறப்புத் திருப்பலி இந்நிலத்தின் பொழுதுக் கணக்கோடு எவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது என்பது விளங்கும். திருப்பலி என்பது கத்தோலிக்கரின் தலையாய வழிபாடு; அன்றிரவு அதில் குழந்தை இயேசுவின் சுரூபத்தை, அதாவது திருவுருவச் சிலையை, குருவானவர் குடிலில் கிடத்துவார். இந்தப் பொருத்தம் யாரும் திட்டமிட்டு அமைத்ததாகத் தோன்றவில்லை. தற்செயல்தான், ஆனால் நல்ல தற்செயல்.

பனி இறங்குவதன் காரணம் எளியது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்து மண்ணை ஈரமாக்கிவிட்டு ஓயும்போது வானம் தெளிகிறது, காற்றும் அடங்குகிறது. மேகப் போர்வை இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக வெளியே விட்டுக் குளிர்ந்துவிட, அதைத் தொட்டு நிற்கும் ஈரக்காற்றும் குளிர்ந்து, நீராவி துளியாகிறது. இலையில் படிந்தால் பனித்துளி, காற்றிலேயே மிதந்தால் மூடுபனி. உயரம் கூடக்கூடக் குளிரும் கூடும்: ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு விரிந்து கிடக்கும் கல்வராயன் மலையில், வடக்கிலுள்ள சின்ன கல்வராயன் சராசரியாக 2,700 அடியும் தெற்கிலுள்ள பெரிய கல்வராயன் 4,000 அடியும் உயர்ந்திருப்பதால், கீழே கச்சிராயப்பாளையத்தில் சட்டையோடு நடப்பவர் மேலே வெள்ளிமலையில் கம்பளி தேடுகிறார். ஆயினும் நீர் உறையும் அளவுக்கு இங்கே குளிர் இறங்குவதில்லை.

அப்படியானால் பஞ்சு எங்கிருந்து வந்தது? கிறிஸ்து பிறந்த பெத்லகேமிலிருந்து வந்ததாகச் சொல்ல முடியாது. யூதேயா மலைமுகட்டில் சுமார் 2,500 அடி உயரத்தில் இருக்கும் அவ்வூரில் வெண்பனி விழுவது அரிது; உயரத்தால் அது ஏறக்குறைய சின்ன கல்வராயனுக்குச் சமம், ஆடு மேய்ப்போர் இரவில் கிடை காத்த ஊர் என்ற வகையிலும் ஆல்ப்ஸ் மலைக் கிராமத்தைவிட இந்த மலைக்கே நெருங்கியது. குடில் அமைக்கும் வழக்கத்தை 1223இல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் அசிசி பிரான்சிஸ் தொடங்கி வைத்தார். வெண்பனியைப் பண்டிகையின் அடையாளமாக நிலைநிறுத்தியது மிகவும் பிந்தைய இங்கிலாந்து. 1843ஆம் ஆண்டு டிசம்பரில் சார்லஸ் டிக்கன்ஸின் 'கிறிஸ்துமஸ் கரோல்' வெளிவந்தது. அதே ஆண்டில்தான் விற்பனைக்கான முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையும் லண்டனில் அச்சானது. டிக்கன்ஸ் குழந்தையாயிருந்த 1810களின் குளிர்காலங்கள் இங்கிலாந்தில் வழக்கத்தைவிடக் கடுமையாக இருந்தன. அந்த இளமை நினைவு கதையில் ஏறி, பின்வந்த வாழ்த்து அட்டைகளில் படமாகி, கப்பலேறி உலகெங்கும் பரவியது எனலாம்.

குளிர்நாடுகளிலேயே அது உறுதியான காட்சி இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடாவில், டிசம்பர் 25 காலை 7 மணிக்குத் தரையில் குறைந்தது 2 சென்டிமீட்டர் பனி கிடந்தால்தான் வானிலைத் துறை அதை வெண்பனிக் கிறிஸ்துமஸ் என்று ஏற்கிறது. பிரிட்டனிலோ ஒரேயொரு பனித்துகள் விழுந்தாலும் போதும். கணக்கு அவ்வளவு தாராளமானது. டென்மார்க் நாடு முழுவதும் பனி மூடிய கிறிஸ்துமஸ்கள் 20ஆம் நூற்றாண்டில் விரல்விட்டு எண்ணத்தக்கவையே.

டென்மார்க்கின் பெயரை இங்கே எடுத்ததற்கு உள்ளூர்க் காரணம் உண்டு. சாதி வேற்றுமைக்குத் திருச்சபை இடம் கொடுப்பதா என்ற வழக்கில் ஜெர்மனியின் லைப்சிக் மிஷனிலிருந்து பிரிந்த கார்ல் ஆக்ஸ் என்ற ஊழியர் 1860களில் தென்னார்க்காட்டு மேல்பட்டாம்பாக்கத்தில் தனிப் பணி தொடங்க, அதை டேனிஷ் மிஷன் சங்கம் ஏற்றுக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு விரித்தது. அதன் வழிவந்ததே இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை. இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அடங்கும் திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷன் மருத்துவமனை என்ற பெயர் இன்னும் வழங்குகிறது. அந்த டேனிஷ் மிஷனரிமார் தம் ஊரில் ஊசியிலை மரத்துக்கு விளக்கு வைத்துப் பாடிய பண்டிகை, இங்கே சவுக்குக் கிளைக்கு ஜிகினா சுற்றுவதாக உருமாறியது. கத்தோலிக்க வரலாறு அதற்கும் முந்தையது. மாவட்ட எல்லையை ஒட்டி விருத்தாசலம் பக்கம் இருக்கும் கோனான்குப்பத்தில் மாதாவுக்குச் சேலை உடுத்திப் பெரியநாயகி என்று பெயரிட்ட வீரமாமுனிவர், 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியில் யூதேயாவையே ஆறும் வயலும் சூழ்ந்த தமிழ் நாடாகப் பாடிவிட்டார். பஞ்சு தூவுவோர் இங்கே வெளிநாட்டுப் பனியை இறக்குமதி செய்கிறார்கள் என்றால், அவர் அந்தப் பனி பண்டிகை அடையாளமாவதற்கு 100 ஆண்டுக்கு முன்பே எதிர்த்திசையில் ஏற்றுமதி செய்திருக்கிறார்.

உளுந்தூர்பேட்டை வட்டத்து எறையூர், சங்கராபுரம் பக்கத்து விரியூர், அந்தோணியார் திருத்தலத்தால் பெயர்பெற்ற மேல்நாரியப்பனூர் போன்ற ஊர்களுக்கு டிசம்பர் 24 மாலைக்குள் வெளியூர்ப் பிள்ளைகள் வந்துசேர்கிறார்கள். பெங்களூரிலும் திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்ப்போர் உளுந்தூர்பேட்டையிலோ சின்னசேலத்திலோ இறங்கி வண்டி மாறுகிறார்கள். இந்தத் திரும்பிவருதலை எளிதாக்குவது பள்ளி நாள்காட்டிதான்: அரையாண்டுத் தேர்வு முடிந்து புத்தாண்டு வரை கிடைக்கும் விடுமுறை, கிறிஸ்தவர் அல்லாத வீடுகளுக்கும் தாத்தா பாட்டியைப் பார்க்கும் காலமாகிவிட்டது. வருகையின் ஒழுங்கோ பழைய உறவுமுறைப்படி நடக்கிறது. மணமான மகளுக்கு முதல் பண்டிகை தலைக் கிறிஸ்துமஸ், தலைதீபாவளியைப் போலவே. மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டையும் மகளுக்குச் சேலையும் தாய்வீட்டின் கடமை, தாய்மாமன் வராமல் பந்தி தொடங்காது. உறவு என்பதற்கு இங்கே எல்லை உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை: எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தமக்குத் தனிப் பங்கு, அதாவது தனிக் குருவானவரும் கோயிலும் கொண்ட நிர்வாகம், கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் மூண்ட மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். ஒரே மாதாவின் பிள்ளைகள் ஒரே பந்தியில் அமர்வது இன்னும் எட்டாத ஊர்கள் உண்டு.

அடுப்படியில் கேக்குக்கு மரியாதை உண்டே தவிர அதிகாரம் இல்லை. அதிகாரம் அதிரசத்துக்கு. கரும்பு விளையும் மாவட்டமாதலால் வெல்லத்துக்குக் குறைவில்லை. ஊறவைத்து நிழலில் உலர்த்திய பச்சரிசியை ஈரம் போகாமல் இடித்துச் சலித்து வைத்துக்கொண்டு, பாகு காய்ச்சுபவர் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்கிறார். கரைந்தால் பதம் வரவில்லை, கல்லாகிவிட்டால் பதம் தாண்டிவிட்டது, இளகிய உருண்டையாகத் திரண்டால் உடனே மாவைக் கொட்டிக் கிளற வேண்டும். கிளறிய மாவு இரண்டு மூன்று நாள் மூடிக்கிடந்தால்தான் எண்ணெயில் பிரியாமல் வேகும் என்பதால், இந்த வேலை உறவினர் வரும் முன்பே முடிந்தாக வேண்டும். வந்தவர்களுக்கு மிஞ்சுவது தட்டிப் போடுவதும் எண்ணெய் பிழிந்தெடுப்பதும் ஆறுமுன் திருடித் தின்பதும்.

கூட்டத்தை உண்மையில் நெருக்கமாக்குவது இரவுதான். மே மாத விடுமுறையில் இதே உறவினர் வந்தால் ஆண்களும் பிள்ளைகளும் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள், வீடு காலியாகிவிடும். மார்கழியில் அது நடவாது. "பனி எறங்குது, தலையில துணியப் போடு, உள்ள வந்து படு" என்று பாட்டிமார் குரல் கொடுப்பதற்கு மறுபேச்சு கிடையாது. தலையில் பனி இறங்கினால் சளி பிடிக்கும் என்பது மருத்துவம் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் வீட்டுச் சட்டம். ஆகவே பதினைந்து பேர் இரண்டு அறையில் பாய்மேல் பாய் விரித்து, போர்வைக்கு இழுபறி நடத்தி, சித்தி பெரியம்மா பிள்ளைகள் வரிசையாகப் படுத்துக்கொள்கிறார்கள். வெண்பனி கொட்டும் நாடுகளில் பண்டிகையன்று குடும்பத்தை ஒரு கணப்படுப்பைச் சுற்றி அடைத்து வைப்பது எதுவோ, அதே வேலையை இங்கே கண்ணுக்குத் தெரியாமல் இறங்கும் ஈரம் செய்துவிடுகிறது. பஞ்சு அடையாளம் மட்டும்தான். காரியம் பார்ப்பது மார்கழி.

மலைமேல் கதை வேறு. பனி மிகுதியாக உள்ள இடம் கல்வராயன். ஆனால் அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினரில் பெரும்பாலோருக்கு டிசம்பர் 25 பண்டிகை நாள் இல்லை. மலையாளி என்ற பெயர் இங்கே மலைவாழ் மக்களைக் குறிக்கிறது, கேரளத்தாரைக் குறிப்பதன்று. அவர்கள் பேச்சு தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூவர் கரிராமன் என்னும் தெய்வத்தைச் சுமந்துவந்து வெவ்வேறு மலைகளில் குடியேறியதாக அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதையே பிரிந்துபோன ஒரு குடும்பத்தின் கதைதான். அரையாண்டு விடுமுறைக்கு உண்டு உறைவிடப் பள்ளிகளிலிருந்து, அதாவது தங்கிப் படிக்கும் அரசுப் பள்ளிகளிலிருந்து, பிள்ளைகள் பெட்டியோடு ஊர் திரும்புகிறார்கள். ஆனால் சாமையும் மரவள்ளியும் தரும் வருமானம் போதாமல் கர்நாடகத்திலும் கேரளத்திலும் காப்பி, மிளகுத் தோட்ட வேலைக்குப் போகும் பெற்றோர் பலர். காப்பிப் பழம் பறிக்கும் பருவமோ நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை நீள்கிறது. பிள்ளைகளுக்கு விடுமுறை கிடைக்கும் நாளில் பெற்றோருக்குக் கூலி கிடைக்கிறது.

எனவே அந்த வீடுகளில் டிசம்பர் விடுமுறை என்பது பாட்டியும் பேரப்பிள்ளைகளும் அடுப்பை ஒட்டிப் படுக்கும் பத்து நாள். கூரையிலிருந்து இரவெல்லாம் மழைபோல் சொட்டும் பனி, பகல் ஏறியபின்தான் நிற்கிறது. பிள்ளைகள் அடுப்புச் சாம்பலில் மரவள்ளிக் கிழங்கைப் புதைத்துவைத்துத் தோண்டித் தின்கிறார்கள். அவரையும் மொச்சையும் இந்தக் குளிருக்கே காய்ப்பவை, அவற்றைப் பறித்து உரிப்பது அவர்களுக்கு வேலையும் விளையாட்டும். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்ற பழமொழிப்படி கடுங்குளிர் இனிமேல்தான் வர வேண்டும். பெற்றோர் வருவதும் இனிமேல்தான்: விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போன பிள்ளைகள் பொங்கலுக்கு மறுபடி வரும்போது, தோட்டத்தில் கணக்கு முடித்தோ முன்பணம் கழித்தோ, கச்சிராயப்பாளையத்தில் கரும்பும் புதுத்துணியும் வாங்கிக்கொண்டு, விளக்கைப் போட்டும் பத்தடிக்கு மேல் வழி தெரியாத கொண்டை ஊசி வளைவுகளில் கரியாலூரைத் தாண்டி ஊர்ந்து ஏறும் கடைசிப் பேருந்தில் அவர்கள் வந்து இறங்குவார்கள்.