65 டிகிரி சரிவில் திராட்சை... ஏணி ஏறிப் போகும் தோட்டம்!

தோட்டத்துக்குப் போக ஏணி ஏற வேண்டும். கையில் இரும்பு வடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில், பிரெம் என்ற ஊரை ஒட்டிய கால்மோண்ட் மலைச்சரிவில் இப்படித்தான் திராட்சை விளைகிறது. சில இடங்களில் சரிவு 65 டிகிரியைத் தொடுகிறது. ஓர் அடி முன்னே வைத்தால் இரண்டு அடிக்கு மேல் உயர வேண்டும். ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒன்றாக இது பேசப்படுகிறது.

ஏன் இந்தச் சரிவில்?

மோசல் பகுதி குளிர் நாடு. சூரியன் தாழ்வாகவே போகும். சமவெளியில் சாய்ந்து விழும் வெயில், தெற்கு பார்த்த சரிவில் ஏறக்குறைய நேராக விழுகிறது. நிலமெங்கும் சிலேட்டுக் கல். பகலில் வாங்கிய சூட்டை இந்தக் கல் இரவில் மெல்ல விடுகிறது. தாமதமாகப் பழுக்கும் 'ரீஸ்லிங்' ரகம் இங்கே முதிர்வதற்கு இதுவே காரணம். இது ஒயினுக்கான ரகம்.

கம்பம் பள்ளத்தாக்கில் பார்க்கும் பந்தல் இந்தச் சரிவில் சாத்தியமில்லை. ஒவ்வொரு கொடிக்கும் தனி ஊன்றுகோல் நட்டுக் கட்டும் பழைய முறை இங்கே இன்னும் உண்டு. பந்தலோ கம்பி வரிசையோ குறுக்கே இல்லாததால், ஆள் எந்தப் பக்கமும் நகர்ந்து வேலை செய்யலாம்.

மண்ணைக் காக்கும் கல் கட்டு

சாந்து பூசாமல் கல்லை அடுக்கிய கட்டுகள்தான் மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன. இடுக்கு வழியே தண்ணீர் வடிந்துவிடுவதால் மழையில் கட்டு தள்ளப்படுவதில்லை. ஆனால், ஓரிடத்தில் கல் சரிந்தால் உடனே அடுக்கியாக வேண்டும். விட்டால் மேலே உள்ள மண்ணும் சேர்ந்து இறங்கிவிடும். அந்தக் காலத்தில் மழை அடித்துச் சென்ற மண்ணை முதுகுக் கூடையில் சுமந்து மேலே கொட்டியிருக்கிறார்கள்.

டிராக்டர் ஏறாத நிலம் என்பதால் கவாத்து, கட்டுதல், அறுவடை எல்லாம் கைவேலை. சமவெளித் தோட்டத்தைவிட ஹெக்டேருக்குப் பல மடங்கு ஆள் நேரம் பிடிக்கும். இதனால் கடந்த நூற்றாண்டில் பலர் சரிவைக் கைவிட்டனர். கைவிட்ட துண்டில் முதலில் புதர் மண்டும்; பிறகு கல் கட்டு சரியும். பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் அது ஆபத்து.

திரும்பி வந்தது எப்படி?

முதலாவது, ஒற்றைத் தண்டவாள வண்டி. பல்சக்கரத்தால் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் இந்தச் சிறு இயந்திரம் ஆளையும் அறுவடைக் கூடைகளையும் சுமக்கிறது. முதுகுச் சுமை பெரிதும் குறைந்தது. கைவிட்ட சில பகுதிகளில் மறுபடி கொடி நட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, நடைபாதை. எல்லர், பிரெம் ஊர்களுக்கு இடையே கொடிகளின் ஊடாகச் செல்லும் இந்தப் பாதை சுமார் 3 கிலோமீட்டர்தான். ஏணி, இரும்புப் படி, வடம் என்று ஏறி இறங்க 2 முதல் 3 மணி நேரம் ஆகும். மலை உச்சி ஆற்றிலிருந்து சுமார் 290 மீட்டர் உயரம். கீழே ஆறு குதிரை லாடம்போல் வளைகிறது. எதிர்க்கரையில் ஸ்டூபன் மடத்தின் இடிபாடு தெரிகிறது. உயரத்தைக் கண்டு தலைசுற்றுபவர்களுக்கும், மழை பெய்து கல் வழுக்கும் நாளுக்கும் இந்தப் பாதை ஏற்றதல்ல.

நடந்து களைத்தவர் கீழே ஊரில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். விளைவித்தவரிடமே ஒயின் வாங்குகிறார். திராட்சை விவசாயி தன் சொந்த ஒயினைத் தன் வீட்டிலேயே, எளிய உணவோடு, ஆண்டுக்கு 4 மாதம் வரை பரிமாறி விற்க ஜெர்மன் சட்டம் இடம் தருகிறது. இப்படி விற்கும்போது இடைத்தரகர் இல்லை.

சரிவு நிலத்தார் கவனத்துக்கு

* வரப்பிலோ கல் கட்டிலோ ஒரு கல் பெயர்ந்தால் அடுத்த மழைக்குமுன் சரிசெய்யுங்கள். நாள் தள்ளினால் வேலை பெருகும்.

* சரிவில் ஆள் கூலியை அதிகம் தின்பது சுமை தூக்கும் வேலை. இயந்திரம் வாங்க நினைத்தால் முதலில் அதற்கு வழி தேடுங்கள்.

* பார்க்க வருபவர் வாங்கிப் போகவும் வழி செய்யுங்கள். வெறும் வேடிக்கையால் தோட்டத்துக்கு வருமானம் இல்லை.

கால்மோண்டுக்கு ஆட்கள் வருவது ஏணியைப் பார்க்க மட்டுமல்ல. அந்தச் செங்குத்தில் இன்றும் ஒருவர் கவாத்து செய்கிறார் என்பதைப் பார்க்கவும்தான். கொடி போய்விட்டால், மிஞ்சுவது புதர் மண்டிய பாறையும் ஓர் ஏணியுமே.