பீட்டர் தங்கராஜ்

பீட்டர் தங்கராஜ் (டிசம்பர் 24, 1935 – நவம்பர் 24, 2008) இந்தியக் காற்பந்தாட்ட வீரர், கோல் காப்பாளர். 1962 ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கப் பதக்கம் வென்ற இந்திய அணியின் கோலை இறுதியாட்டத்தில் காத்தவர் இவரே. அதன் பின்னர் இந்தியா காற்பந்தில் அப்பதக்கத்தை வென்றதில்லை.

படைப்பிரிவில்

ஐதராபாத்தில் பிறந்த தங்கராஜ், அந்நகரின் உள்ளூர்க் கழகங்களில் ஆடத் தொடங்கினார். 1953 இல் இராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணிக்கு ஆடினார். தொடக்கத்தில் இவர் நடுமுன்கள வீரர். கோல் அடிப்பதே இவரது வேலையாக இருந்தது. இராணுவத்திலேயே கோல் காப்பாளராக மாறினார். ஆறடிக்கு மேற்பட்ட உயரம் கொண்ட இவர், உயரமாக வரும் பந்துகளை எளிதில் எட்டிப் பிடித்தார். இந்த அணி 1955, 1958 ஆகிய இரு ஆண்டுகளிலும் டூரண்ட் கோப்பையை வென்றது.

கொல்கத்தாவில்

அக்காலத்தில் இந்தியாவில் முழுநேரத் தொழில்முறைக் காற்பந்து இல்லை. சிறந்த வீரர்கள் பலர் இராணுவம், ரயில்வே போன்ற துறைகளில் பணியாற்றியபடியே ஆடினர். ஆயினும் காற்பந்தில் பெரும்புகழ் தேடியவர் கொல்கத்தாவிற்குத்தான் செல்ல வேண்டியிருந்தது. தங்கராஜும் சென்றார். முதலில் முகமதன் ஸ்போர்ட்டிங், 1963 இல் மோகன் பகான், 1965 முதல் ஈஸ்ட் பெங்கால் என அந்நகரின் மூன்று பெரும் கழகங்களுக்கும் ஆடினார். இவை ஒன்றுக்கொன்று கடும் போட்டியாளர்கள். முன்பு ஆதரவளித்த கூட்டமே மறு ஆண்டு எதிர்த்துக் கூச்சலிடும். ஒரு பிழை செய்தாலும் அது கோலாகிவிடும் என்ற நிலையில் நிற்கும் கோல் காப்பாளருக்கு இது எளிதன்று.

பன்னாட்டுப் போட்டிகள்

1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் போட்டிகளில் இந்திய அணியில் இடம்பெற்றார். மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம் பெற்றது.

ஜகார்த்தாவில் இந்தியா முதலாட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. பின்னர் தாய்லாந்து, சப்பான், தென்வியட்நாம் அணிகளை வென்று இறுதிக்கு வந்தபோது எதிரணி மீண்டும் தென்கொரியா. காய்ச்சலால் அரையிறுதியில் தங்கராஜ் ஆடவில்லை. பிரத்யுத் பர்மன் கோலைக் காத்தார். இறுதியாட்டத்திற்குப் பயிற்சியாளர் சையத் அப்துல் ரகீம் தங்கராஜையே தேர்ந்தெடுத்தார். அரங்கமோ இந்தியாவுக்கு எதிராக இருந்தது. இஸ்ரேல், தைவான் நாட்டு வீரர்களை இந்தோனேசியா அனுமதிக்காததை இந்திய விளையாட்டு நிர்வாகி குரு தத் சோந்தி கண்டித்திருந்ததே அதற்குக் காரணம். செப்டம்பர் 4 அன்று பி. கே. பானர்ஜி, தலையில் காயத்துடன் ஆடிய ஜர்னைல் சிங் ஆகியோரின் கோல்களால் இந்தியா முன்னிலை பெற்றது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோதுதான் கொரியர்களால் ஒரு கோல் போட முடிந்தது. இந்தியா 2-1 என வென்றது.

1964 ஆசியக் கோப்பையில் இரண்டாமிடம் பெற்ற அணியிலும் இவர் இருந்தார். 1967 இல் அருச்சுனா விருது பெற்றார்.

பிற்காலம்

1971 இல் ஓய்வு பெற்ற பின் பயிற்சியாளரானார். பிற்காலத்தில் பொக்காரோ உருக்காலையைச் சார்ந்து இளம் வீரர்களுக்குக் காற்பந்து கற்பித்தார். அந்நகரிலேயே காலமானார்.